நாற்பது நிமிட இடைவெளி

ஜூன் 5, திங்கள்

பிரிஸில்லா மறுபடியும் கூப்பிட்டாள். கல்லூரியில் என்னோடு உளவியல் படித்தவள். திருச்சியில் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு ஆலோசனை மையம் நடத்துகிறாள். ஆறாவது ஆளாக என்னை இழுக்கப் பார்க்கிறாள்.

"ஏழு வருஷமா புதுக்கோட்டையில ஒரு மாடி ரூம்ல தனியா உக்காந்திருக்கியே, உனக்கே அலுக்கலையா மங்கை? ஜூலை பத்துக்குள்ள சொல்லிரு. வாசல் பலகையில உன் பேருக்கு இடம் விட்டு வெச்சிருக்கேன்."

அலுக்காமல் என்ன? அறையைப் பெருக்குவது நான், கழிவறை கழுவுவது நான், போன் எடுப்பது நான். ஒருவர் அழுதுவிட்டுப் போன பிறகு அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் நான்தான். வீட்டில் எதையும் சொல்ல முடியாது. இளங்கோ மின்வாரியத்திலிருந்து வந்து, "இன்னிக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்பார். "போச்சு" என்பேன். பதினோரு வருடக் குடித்தனத்தில் அவருக்கு என் வேலையைப் பற்றித் தெரிந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

ஆனால் பலகை என்றதும் சிரிப்பு வந்தது. என் அறைக்குப் பலகையே கிடையாது. வைத்தால் இந்த ஊரில் ஒருவரும் படியேற மாட்டார்கள். வருகிறவர்கள் கையில் ஏதாவது ஒரு காகிதத்தோடு வருவார்கள். கீழே சிக்கந்தர் பாயின் ஜெராக்ஸ் கடையில் காப்பி எடுப்பதுபோல் நிற்பார்கள், தெருவில் தெரிந்த தலை எதுவும் இல்லையென்றால் விறுவிறுவென்று மேலே ஏறிவிடுவார்கள். இந்த ஏற்பாடு நான் செய்ததல்ல. அவர்களாகக் கண்டுபிடித்தது. பாயும் ஒரு கேள்வி கேட்காமல் காப்பி எடுத்துக் கொடுக்கிறார்.

என் பங்குக்கு நான் வைத்திருப்பது ஒரே ஒரு விதி. ஒருவர் போய் நாற்பது நிமிடம் கழித்துத்தான் அடுத்தவர் வர வேண்டும். படிக்கட்டு ஒன்றுதான், அதுவும் குறுகல். இந்த நோட்டில்கூட நான் யார் பெயரையும் எழுதுவதில்லை. அவரவர் வருகிற நேரம்தான் பெயர்.

இட்லிக்கு அரைத்தேன். உளுந்து குறைந்துவிட்டது, நாளை இட்லி கல்லாக வரும்.

ஜூன் 7, புதன்

பிரிஸில்லா நாளை சாயங்காலம் வந்து அறையைப் பார்க்கச் சொல்கிறாள். சுவருக்கு என்ன நிறம் என்று நான்தான் சொல்ல வேண்டுமாம். ஆறு பத்து பஸ்ஸைப் பிடித்தால் முடியும். அதற்கு, வியாழன் ஐந்தரை மணிக்கு வருகிறவர் நாளை ஐந்துக்கே வர வேண்டும். போன் செய்தேன், சரி என்றார். நான்கு மணிக்கும் அவருக்கும் நடுவே பத்து நிமிடம்தான் இருக்கும். ஒரு நாள்தானே.

ஜூன் 8, வியாழன்

அறை அழகாக இருக்கிறது! ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். இளம்பச்சை அடிக்கச் சொன்னேன். முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து போனையெல்லாம் எடுக்கிறாள். பின்னால் ஒரு சின்னச் சமையலறை. எல்லோரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்களாம். நான் போனதும் சுகந்தன் என்ற இளைஞர் டீ போட்டுக் கொடுத்தார். வேலை செய்கிற இடத்தில் எனக்கு ஒருவர் டீ போட்டுக் கொடுத்து ஏழு வருடம் ஆகிறது. வாங்கும்போது கண் கலங்கிவிட்டது. ஆவி பட்டது என்று சமாளித்தேன்.

பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன்னால், இங்கே என் படிக்கட்டில் சின்னக் குளறுபடி. நான்கு மணி இறங்கும்போது ஐந்தரை மணி ஏறிவிட்டார். இருவரும் நின்றுவிட்டார்கள். "அண்ணி, நீங்க இங்க?" என்று ஒரு குரல். "ரேஷன் கார்டு காப்பி எடுக்க வந்தேன்" என்று இன்னொரு குரல். "நானும் காப்பிதான்." மாடிப்படியில் நின்றுகொண்டு இரண்டு பேரும் காப்பி எடுக்க வந்தார்களாம்.

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

ஜூன் 9, வெள்ளி

நேற்று எழுதியது முழுசாக இல்லை. தூங்கவும் இல்லை. எழுதிவிடுகிறேன்.

நான்கு மணி ஒன்பது வாரமாக வருகிறார். பள்ளிக்கூட ஆசிரியை. ஒன்பது வாரமும் தலைவலி, வகுப்புப் பிள்ளைகள், மாமியார் என்று சுற்றிச் சுற்றி வந்தார். கண்ணாடி வளையலை ஒரு கையில் மட்டும் முழங்கை வரை அடுக்கியிருப்பார். நான் கேட்கவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். நேற்று நாலே முக்காலுக்கு அந்த வளையல்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளினார். அடியில் நீலமாக நான்கு விரல் பதிந்திருந்தது.

"மேடம், எங்க வீட்டுக்காரர்..." என்றார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஒரு விநாடிதான். ஐந்துக்கு ஒருவர் வருகிறாரே, பஸ் ஆறு பத்துக்கு ஆயிற்றே என்ற நினைப்பு. அவர் பார்த்துவிட்டார். வளையலைக் கீழே இறக்கிவிட்டார். "அடுத்த வாரம் முதல்லயே இதைப் பேசுவோம்" என்றேன், பெரிய ஆறுதல்போல. முகம் கழுவிவிட்டுத்தான் இறங்கினார், அதில் ஐந்து நிமிடம் போயிற்று. படிக்கட்டில் நாத்தனார்.

ஐந்தரை மணி நான்கு மணியின் நாத்தனார். புருஷனோடு ஒத்துவராமல் தாய்வீட்டுக்கு வந்து மாடி போர்ஷனில் இருக்கிறார். இரண்டு மாதமாக இரண்டு பேரையும் எதிரில் உட்கார வைத்துக் கேட்டிருக்கிறேன். ஒரு வீட்டின் மாடியும் கீழும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

நான்கு மணி அடிக்கடி சொல்வார்: "என் நாத்தனா மாடியில உக்காந்துக்கிட்டு ராத்திரி பூரா கீழயே காதை வெச்சிருக்கா மேடம். நான் தும்முனாக்கூட 'எங்கண்ணன்கிட்ட சொல்லுவேன்'ங்கிற மாதிரி பார்ப்பா."

ஐந்தரை மணி வந்த காரணம் தூக்கமின்மை. "கீழ ஏதாச்சும் சத்தம் கேக்குதான்னு காது தானாப் போயிடுது மேடம். கேட்டா பயமா இருக்கு. கேக்கலைன்னா அதைவிட பயமா இருக்கு."

ஒரே காது. கீழே இருப்பவருக்கு அது உளவு. மேலே இருப்பவருக்கு அது நடுக்கம்.

ஜூன் 15, வியாழன்

நான்கு மணி வரவில்லை. நாலே கால், நாலரை. ஜன்னலுக்குப் போய்ப் போய்ப் பார்த்தேன். கீழே ஒரு கல்லூரிப் பையன் முந்நூறு பக்கம் காப்பி எடுத்துக்கொண்டிருந்தான்.

ஐந்தரை மணி வந்தார். உட்காருவதற்கு முன்பே கேட்டார். "மேடம், எங்க அண்ணி உங்ககிட்ட வர்றாங்களா?"

"இங்க யாரு வர்றாங்க, யாரு வரலைன்னு நான் யாருகிட்டயும் சொல்றதில்லைங்க. நீங்க வர்றதையும் சொல்லமாட்டேன்."

"அது தெரியும் மேடம். வந்தாங்கன்னா நல்லதுன்னுதான் கேட்டேன்." பிறகு அழ ஆரம்பித்தார். "எங்கண்ணன் கைநீட்டுறான். எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். ஒரு நாள் கூட கீழ இறங்கிப் போய் என்னடா பண்றேன்னு கேக்கல. நானே வாழாம வந்து அவன் சோறு திங்கிறவ. அண்ணிகிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பேசுறது?"

"உங்க அண்ணியும் உங்களைப் பார்த்துப் பயப்படுறாங்க. போய்ப் பேசுங்க." இந்த ஒரு வரி என் நாக்கு நுனி வரை வந்தது. இதைச் சொன்னால் ஒரு வீடு மாறும். இதைச் சொன்னால் நான் இந்த நாற்காலியில் உட்காரத் தகுதி இல்லாதவள். நான்கு மணி என்னை நம்பிச் சொன்னதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க எனக்கு உரிமை கிடையாது. தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். எனக்குச் செய்ய முடிந்தது அதுதான்.

ஜூன் 17, சனி

நான்கு மணிக்குப் போன் செய்ய முடியாது. முதல் நாளே சொல்லிவிட்டார்: "நீங்களா கூப்பிடாதீங்க மேடம். சாயங்காலம் போனை அவர் வாங்கி வெச்சுக்குவார்." அவர் வேலை செய்யும் பள்ளிக்கூடம் எனக்குத் தெரியும். ஐந்து நிமிடம் நடந்தால் போதும். போய் நின்றால் நான் ஆலோசகர் இல்லை, துரத்துகிறவள்.

பிரிஸில்லாவிடமாவது பெயர் சொல்லாமல் யோசனை கேட்கலாம் என்று கூப்பிட்டேன். "செஷன்ல இருக்கேன்டி, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள். அப்புறம் அவள் கூப்பிட்டபோது எனக்குத் தைரியம் போய்விட்டது. சுவருக்கு இளம்பச்சை சரியாக வந்திருக்கிறதா என்று கேட்டேன்.

சேர்ந்துவிட வேண்டும். இதற்காகவே சேர வேண்டும். நான்கு பேர் இருக்கிற இடத்தில் இருந்திருந்தால் இப்படி ஒரு சிக்கல் தெரிந்த அன்றே இருவரில் ஒருவரை இன்னோர் ஆலோசகர் கையில் ஒப்படைத்திருப்பேன். தனியாக இருப்பவளுக்குக் கைமாற்றிவிட ஏது கை?

இளங்கோ தோசை வார்த்தார். மூன்றும் கருகல். சாப்பிட்டேன்.

ஜூன் 22, வியாழன்

வரவில்லை.

சிக்கந்தர் பாய் மேலே வந்தார். ஏழு வருடத்தில் இரண்டாவது முறை. கையில் ஒரு காகிதம். "அந்த டீச்சரம்மா அன்னிக்குக் காப்பியை வாங்காமலே ஓடிட்டாங்க. வாரா வாரம் ஒரே ரேஷன் கார்டுதாம்மா. வீட்ல அவங்ககிட்ட ஒரு கட்டே இருக்கும். நல்லா இருக்காங்கல்ல?"

"தெரியல பாய்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், இருந்தும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காப்பியை மேசை இழுப்பறையில் கவிழ்த்து வைத்தேன்.

ஒருவர் போனில் வியாழன் நான்கு மணி காலியா என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஜூன் 29, வியாழன்

ஐந்தரை மணி வந்தார். அண்ணி நன்றாக இருக்கிறாரா என்று நான் கேட்கக் கூடாது. அவராகச் சொல்கிறாரா என்று பிச்சைக்காரிபோல் காத்திருந்தேன். சொன்னார்.

"அண்ணிக்குப் பல்லு வலி மேடம். வேர் சிகிச்சையாம். மூணு வாரமா வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுட்டு திருச்சிக்குப் போயிட்டு வர்றாங்க. நான் துணைக்கு வரட்டுமான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டாங்க."

பல் எதனால் போயிற்று? என் பேனா கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, நிமிர்வதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 1, சனி

சனிக்கிழமை தோறும் மையத்தில் கூட்டம் நடக்கும். ஒவ்வொருவரும் தன்னிடம் வருகிறவரில் ஒருவரைப் பற்றிப் பெயரில்லாமல், ஊர் இல்லாமல் சொல்லி, மற்றவர்களிடம் யோசனை கேட்பார்கள். சேரப் போகிறவள்தானே என்று என்னையும் உட்கார வைத்தாள் பிரிஸில்லா. இதற்காகத்தான் ஏங்கினேன். அறையைப் பார்த்தேன், பச்சை நன்றாக வந்திருக்கிறது. எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் எல்லோரும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டோம். அதன் பிறகு பிரிஸில்லா சொல்ல ஆரம்பித்தாள்.

"எங்கிட்ட வியாழக்கிழமை வர்றவங்க. வெளியூர். பல்லு பாக்கப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு வர்றாங்க. முன்னாடி அவங்க ஊர்லயே ஒரு ஆலோசகர்கிட்ட போயிருக்காங்க. அங்க போறதுக்கு சாக்கு என்ன தெரியுமா? ரேஷன் கார்டு காப்பி. வீட்ல பரண் மேல பத்து காப்பி இருக்காம்."

எல்லோரும் அன்பாகத்தான் சிரித்தார்கள். நானும் வாயைச் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

"வாய் திறந்து விஷயத்தைச் சொல்லப் போன அன்னிக்கு அங்க படிக்கட்டுல நாத்தனாரைப் பாத்துட்டாங்க. அதோட விட்டுட்டாங்க. எங்கிட்ட வந்து ரெண்டாவது வாரமே எல்லாத்தையும் கொட்டிட்டாங்க. இப்ப ஒரு வக்கீலைப் பார்க்குற வரைக்கும் வந்திருக்கு."

"இடைவெளி விடாம ஆளை வரச் சொல்றதா?" என்றார் சுகந்தன். "சின்ன ஊர்ல அது அடிப்படையாச்சே. யாருங்க அது, புதுசா?"

"பேரையும் சொல்லமாட்டேங்கிறாங்க, ஊரையும் சொல்லமாட்டேங்கிறாங்க. நானும் கேக்கல." பிரிஸில்லா குறிப்பேட்டைப் புரட்டினாள். "இவங்க சொன்னது இதுதான். 'அவங்க நல்லாத்தான் கேப்பாங்க மேடம். அன்னிக்கு மட்டும் எங்கயோ போற அவசரத்துல இருந்தாங்க.'"

போனது இங்கேதான். இந்த அறைக்கு நிறம் சொல்ல.

"ஒண்ணு மட்டும் கறாரா கேட்டாங்க. 'எங்க ஊர்க்காரங்க யாரும் இங்க இல்லையே? இருந்தா இப்பவே போயிடுறேன்'னு. இங்க எல்லாரும் திருச்சிக்காரங்கதான்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்ன பிறகுதான் உக்காந்தாங்க."

சுகந்தன் டீ கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். சூடு தெரியவில்லை. பிரிஸில்லா கவனித்துவிட்டு, "என்னடி, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். பஸ்ஸில் வந்தது ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

வெளியே வரும்போது வாசல் பலகையைப் பார்த்தேன். ஐந்து பெயர். ஆறாவது இடம் வெள்ளையாக இருந்தது.

ஜூலை 3, திங்கள்

நன்றாக இருக்கிறார். ஒருவர் கையில் இருக்கிறார். வக்கீல் வரை வந்திருக்கிறார். எனக்குச் சந்தோஷம். சந்தோஷம்தான்.

என்னிடம் ஒன்பது வாரம், அங்கே இரண்டே வாரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு துணி துவைத்தேன். இளங்கோவின் வெள்ளைச் சட்டையை நீலச் சேலையோடு போட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "சேந்துரு மங்கை. பேச ஆள் இருக்கும்" என்றார். சட்டையைப் பார்த்தா சொன்னார், என்னைப் பார்த்தா, தெரியவில்லை.

ஜூலை 5, புதன்

ஒரு வழி தோன்றியது. பலகையில் என் பெயர் வேண்டாம். வியாழக்கிழமை மட்டும் நான் அங்கே போக மாட்டேன். மற்ற நாட்களில் ஓரமாக ஓர் அறையில் இருந்துவிட்டு வருகிறேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? காரணம் கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

நேரில் கேட்டால்தான் பிரிஸில்லா ஒத்துக்கொள்வாள். நாளைக்கே போகிறேன். வியாழன்தான், ஆனால் பத்தாம் தேதிக்குள் வேறு நாள் காலியில்லை; மையத்துக்குள் போகாமல் அவளை வெளியே வரச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 6, வியாழன்

பத்து மணிக்குப் புதுக்கோட்டை பஸ் நிலையம். திருச்சி பஸ்ஸில் பின்பக்கம் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கும்போது நான்கு மணி வந்தார்.

ஒரு மாதமாகப் பார்க்கவில்லை. இளைத்திருந்தார். இடது கன்னத்தைக் கைக்குட்டையால் அழுத்திப் பிடித்திருந்தார். தெரிந்தவர் யாரோ எதிரே வந்து, "என்ன டீச்சர், இன்னுமா பல்லு வலி?" என்றார். இவர் வலிக்கிற முகத்தோடு தலையாட்டினார். பிறகு முன்பக்கப் படியில் கால் வைத்தார்.

நான் பின்பக்கப் படியில் இறங்கினேன்.

நடத்துநர் "எங்கம்மா, வண்டி கிளம்புது" என்று கத்தினார். திரும்பாமல் பூக்கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்து அவர் தெரிந்தார். மூன்றாவது இருக்கை. வண்டி நிலையத்தை விட்டு வளையும்போது கன்னத்திலிருந்து கையை எடுத்தார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார்.

நான் ஒன்பது வாரம் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அந்த முகத்தை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

அங்கேயே நின்று பிரிஸில்லாவுக்குப் போன் செய்தேன். ஓரமாக ஒரு வழி, பலகை இல்லாமல் ஒரு வழி என்றெல்லாம் யோசித்தது ஒன்றும் வாயில் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள் எதிர்ப்பட்டால் போதும், அந்தக் கை மறுபடி கன்னத்துக்குப் போய்விடும்.

"நான் வரல பிரிஸி."

"ஏன்?"

"வரல."

"காரணம் சொல்லுடி. சனிக்கிழமை யாராவது உன்னை எதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. எல்லாரும் நல்லவங்க."

"அப்ப என்ன? உனக்குத் திமிரு, அவ்வளவுதான். தனி ராஜ்ஜியம் பண்ணிப் பழகிடுச்சு. இனி நான் கேக்கமாட்டேன்." வைத்துவிட்டாள். நியாயமான கோபம். அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருந்தது, அதை அவளிடம் மட்டும் சொல்லவே முடியாது.

ஐந்தரை மணி சரியாக ஐந்தரைக்கு வந்தார். ஏதோ ஒரு பழைய மின்கட்டண ரசீதோடு. உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், எங்க அண்ணிக்குப் பல்லு வலியே இல்ல."

பேனாவை மூடி வைத்தேன்.

"நேத்து முறுக்கு கடிச்சு சாப்பிட்டாங்க, வலிக்கிற பக்கத்துலயே. திருச்சியில எங்க போறாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். ஆனா போயிட்டு வர்ற அன்னிக்கு அவங்க நிமிந்து நடக்குறாங்க. எங்கண்ணனுக்குச் சந்தேகம் வந்துருச்சு. இன்னிக்குக் காலைல என்னைக் கூப்பிட்டு, 'நிஜமாவே பல்லு வலியா, நீ பாத்தியா?'ன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாத்தேன், ஈறு வீங்கி சீழ் கட்டியிருக்கு, விட்டா தாடைக்கு ஏறிடும், இன்னும் ஆறு வாரமாவது போகணும்னு சொன்னேன். நானே திருச்சிக்குக் கூட்டிட்டுப் போறேன்னுகூடச் சொன்னேன். 'உனக்கு எதுக்கு அலைச்சல்'னு அவனே விட்டுட்டான்." கையைப் பிசைந்தார். "அண்ணிக்கு இது தெரியாது. இன்னமும் என்னைக் கண்டா கதவைச் சாத்திக்கிறாங்க. நான் செஞ்சது சரியா மேடம்?"

இந்தக் கேள்வியை என்னிடம் நூறு பேர் கேட்டிருக்கிறார்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று திருப்பிக் கேட்கத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஏழு வருடமும் அப்படித்தான் கேட்டேன். யாருக்கும் தீர்ப்புச் சொன்னதில்லை.

"சரி" என்றேன். "ரொம்பச் சரி."

அவர் போன பிறகு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அடுத்து யாரும் வர வேண்டியதில்லை.